தன் இடம் தெரியாத விமானம்

சோதனைக் கூடத்தில் சேரும் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். அதிகாரிகளிடம் கேட்கத் தயங்கி, கேன்டீன் வரிசையில் தட்டோடு நிற்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லக் கேட்பார்கள். "இவ்ளோ பழைய ஃபைட்டர் விமானத்துக்குப் போய் எதுக்கு இவ்ளோ புது சாமான்?" நீங்களும் கேட்டிருப்பீர்கள். நானும் சேர்ந்த புதிதில் கேட்டேன். யாரும் சரியான பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு மதிய நேரத்தில், கடலுக்கு மேல், மேகத்துக்குள் நடந்த ஒன்றிலிருந்து அந்தப் பதில் எனக்குக் கிடைத்தது. அது கிடைத்த விதத்தைப் புதிதாகச் சேர்ந்த உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு இந்தப் பக்கம் வரும்போது எனக்கு எல்லாமே தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலத் தெரிகிறது. இன்று காலை ஒரகடம் மேம்பாலத்தில் பேருந்து ஏறியதும், வெயிலில் நெளியும் சாலை, புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகள், இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே மிஞ்சிய ஏரித் தண்ணீர், அதில் நிற்கும் கொக்குகள் எல்லாம் சத்தமில்லாமல் கடந்து போயின. மேலே, மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று நகராமல் நிற்பது போலவே வந்துகொண்டிருந்தது. ஷிப்ட் நேரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு நாளும் தலையைத் தூக்கி அதைப் பார்த்ததில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. ஊர் சுங்குவார்சத்திரம் பக்கம். இந்தச் சோதனைக் கூடத்தின் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றேன். நாம் செய்வது ஒரு பெட்டி. ஆவணங்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு. உற்பத்தி லைனில் எல்லோரும் அதை 'டப்பா' என்றுதான் சொல்வார்கள். பழைய போர் விமானத்தின் வயிற்றுக்குள் அதைப் பொருத்துகிறார்கள். பொருத்தியதும் அந்த விமானத்துக்குப் புதிதாகக் காதும் வாயும் கிடைத்துவிடுகின்றன. வானில் இருக்கும் மற்ற விமானங்கள், தரையில் இருக்கும் ராடார்கள் எல்லாம் பார்ப்பதை அது கேட்டுக்கொள்ளும். தான் இருக்கும் இடத்தைத் தானும் சொல்லும். எல்லோரும் சொல்வதைச் சேர்த்து ஒரே படமாக்கி, எல்லோருக்கும் கொடுப்பதுதான் வலைப்பின்னல்.

முன்பெல்லாம் விமானி தன் ராடாரை நம்பித்தான் பறந்தார். இருட்டில் டார்ச் அடிப்பது போன்றது அது. அடித்தால் எதிரே இருப்பது தெரியும். கூடவே, டார்ச் அடிக்கும் ஆள் எங்கே நிற்கிறார் என்பதும் ஊருக்கே தெரிந்துவிடும். நம் பெட்டி வந்த பிறகு பழைய விமானம் தன் டார்ச்சை அணைத்துவிட்டுப் போகலாம். வேறு யாரோ தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வார்கள்.

பெட்டி தயாரான புதிதில், அதை விமானத்தில் சோதிக்கப் போகும் விமானி நம் தொழிற்சாலைக்கு வந்தார். அவர் பெயரைச் சொல்லக் கூடாது. கோயம்புத்தூர்க்காரர். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போலக் கூச்சத்தோடு எல்லோரையும் கும்பிட்டார். அவர் ஓட்டும் விமானம் அவரைவிட வயதில் மூத்தது என்று சிரித்தபடி சொன்னார். மாதிரி இருக்கையில் உட்கார வைத்து, திரையில் விரியும் படத்தைப் பெருமையோடு காட்டினோம். என்னோடு வேலை செய்த பொறியாளர் இசக்கிமுத்து ஒவ்வொரு வசதியாக விளக்கினார். இசக்கி அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்; நல்ல மூளை, நிற்காத பேச்சு.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு விமானி ஒன்றுதான் கேட்டார்.

"இது பேசாம சும்மா கேட்டுட்டு மட்டும் இருக்கணும்னா என்ன பண்ணோணுங்க?"

அதற்கு ஒரு விசை இருந்தது. சிறியது, ஓரத்தில். அதுவரை நாங்கள் அதை அவரிடம் காட்டவே இல்லை; கேட்ட பிறகுதான் காட்டினோம். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் போனதும் இசக்கி, "என்னக்கா, இவ்வளவு சொல்லுதேன், அவரு அந்தச் சின்ன சுவிட்சைத்தான் கேக்காரு" என்று வருத்தப்பட்டார்.

சில மாதங்கள் கழித்து, கிழக்குக் கரையில் ஒரு விமானத்தளத்தில் பெரிய பயிற்சி நடந்தது. பெட்டியைச் செய்த நிறுவனத்தின் சார்பில் நானும் இசக்கியும் போனோம். கட்டுப்பாட்டு அறையில் ஓரமாக எங்களுக்கு இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. வெளியே மதிய வெயில் தகிக்கிறது. உள்ளே குளிரும் அரை இருளும். நடுவில் பெரிய திரை. கடல் கறுப்பாக, கரை ஒரு மெல்லிய கோடாக. விமானங்கள் நீலப் புள்ளிகளாக மிதந்துகொண்டிருந்தன. அந்த அறையில் உட்கார்ந்ததும் நேரம் போவது தெரியவில்லை. மீன் தொட்டியைப் பார்க்கும் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரைக்கு முன்னால் காதில் ஹெட்செட்டோடு இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. வானில் இருப்பவர்களுக்குத் தரையிலிருந்து வழி சொல்பவர். அவர் வேலூர்ப் பக்கம் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. விமானிகளிடம் ஆங்கிலத்தில் பேசுவார். எங்களிடம் திரும்பும்போது தமிழ். இரண்டிலும் குரல் ஒரே அளவுதான். அவருக்குப் பின்னால் பயிற்சிக்குப் பொறுப்பான மூத்த அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்றைய திட்டம் எளிது. தலையில் தட்டுப் போல ராடார் சுமந்த பெரிய விமானம் ஒன்று வெகு தொலைவில் உயரத்தில் சுற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கும். புதிய போர் விமானங்கள் மேகத்துக்கு மேலே நின்று காவல் காக்கும். நம் பெட்டி வைத்த பழைய விமானங்கள் இரண்டும் கடலை ஒட்டித் தாழ்வாக, ராடாரை அணைத்து, வானொலியில் பேச்சில்லாமல் போய் எதிர்த்தரப்பின் இலக்கை அடைய வேண்டும். போர்க்காலத்தில் செயற்கைக்கோள் வழிகாட்டலை எதிரி குலைத்துவிடுவான் என்பதால் அந்த உதவியும் இல்லாமல்தான் பறக்க வேண்டும். பழைய விமானங்களில் ஒன்றை ஓட்டியவர் நம் கோயம்புத்தூர்க்காரர். நம் பெட்டி மட்டும் அவ்வப்போது, எதிரி எளிதில் பிடிக்க முடியாத ஒரு துணுக்குச் செய்தி அனுப்பும்: நான் இங்கே இருக்கிறேன். உடனே திரையில் அவருடைய நீலப் புள்ளி ஒரு அடி முன்னே நகரும்.

கொஞ்ச நேரம் எல்லாம் அழகாகப் போனது. பிறகு அவருடைய நீலப் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மஞ்சள் புள்ளி முளைத்தது.

மஞ்சள் என்றால் யாரென்று தெரியாத விமானம். தட்டு சுமந்த பெரிய விமானத்தின் ராடார், கடலை ஒட்டி ஏதோ ஒன்று போவதைப் பார்த்திருக்கிறது. அது எங்கள் ஆள் இல்லை, ஏனென்றால் எங்கள் ஆள் வேறு இடத்தில் இருப்பதாக அவரே சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே அது வேறு யாரோ. வலைப்பின்னல் இப்படித்தான் கணக்குப் போட்டது. அதன் கணக்கில் பிசகு சொல்ல முடியாது.

மூத்த அதிகாரி, "அது யார் என்று பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். மேலே நின்ற புதிய விமானங்களில் இரண்டு, மஞ்சளை நோக்கி மேகத்துக்குள் இறங்கத் தொடங்கின. அவர்கள் திரையிலும் இதே படம்தான். நண்பனின் நீலப் புள்ளி தள்ளி இருக்கிறது, நம் வழியில் இல்லை என்று நம்பி இறங்குகிறார்கள்.

பெண் அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த மஞ்சள், இவரேதானா? உங்க பெட்டி இடத்தைத் தப்பா சொல்லுதா?"

என் கையில் எல்லா அளவுகளும் இருந்தன. பெட்டி நலமாக இருப்பதாகத் திரை சொன்னது. இசக்கி என் முழங்கையைத் தொட்டு, கிசுகிசுத்தார். "அக்கா, நம்ம டப்பாதான்னு சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சு போயிரும். ஆனா இல்லைன்னும் எப்படிக்கா சொல்லுதது?"

அவர் சொன்னது சரி. நம் பெட்டிதான் காரணம் என்று நான் சொல்லி, உண்மையில் வேறொரு விமானம், கடற்கரைக் காவல் விமானமோ வழி தவறிய சரக்கு விமானமோ அங்கே இருந்தால், அதைத் திரையில் தோன்றிய பொய்ப் புள்ளி என்று ஒதுக்கிவிடுவார்கள். பெட்டி சரி என்று சொல்லி, மஞ்சள் உண்மையில் அவரேயாக இருந்தால், மேகத்துக்குள் கண் தெரியாமல் இரண்டு விமானங்கள் அவர் முதுகின் மேல் இறங்கும். ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தைகளும் நாக்கு நுனியில் நின்றன.

"தெரியலை மேடம்," என்றேன். "பெட்டி நல்லா இருக்கு. ஆனா அது சொல்ற இடம் சரியான்னு எனக்குத் தெரியலை."

அவர் முகத்தில் கோபமும் வரவில்லை, ஏமாற்றமும் வரவில்லை. சரி என்று சொல்வது போலத் தலையை அசைத்துவிட்டு மைக்கை இழுத்தார்.

மூத்த அதிகாரி, "பேசினால் அவர்களுடைய மறைவு போய்விடும். பயிற்சி கெட்டுவிடும்" என்றார்.

"தெரியும் சார்," என்றார் அவர். பிறகு வானொலியில் நம் விமானியை அழைத்து, "உடனே இடது பக்கம் திரும்புங்கள்" என்றார். காரணம் சொல்லவில்லை. எதிர்முனையில் கேள்வியும் வரவில்லை.

நீலப் புள்ளி இடது பக்கம் திரும்பியது. மஞ்சள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். அப்படியானால் அது வேறு விமானம்தான். மூத்த அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண் அதிகாரி ஒரு கையை மட்டும் உயர்த்தினார். பொறுங்கள் என்று அர்த்தம். தொலைவில் சுற்றும் ராடார் ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது சற்று முந்தைய உலகம். அந்தக் காத்திருப்பை என்னால் இன்றும் விவரிக்க முடியவில்லை. ஏ.சி.யின் முனகல் கேட்டது. எல்லோரும் தூக்கத்தில் இருப்பது போலவும், யாராவது அசைந்தால் எல்லோரும் விழித்துவிடுவோம் என்பது போலவும் இருந்தது. இறங்கிக்கொண்டிருந்த இரண்டு விமானங்கள் மட்டும் நிற்கவில்லை.

பிறகு மஞ்சள் புள்ளி, கனவில் திரும்பிப் படுப்பவர் போல மெதுவாக இடது பக்கம் திரும்பியது. நீலம் எடுத்த அதே வளைவை எடுத்தது.

"இரண்டும் ஒருவரே. மேலே ஏறுங்கள், உடனே மேலே," என்றார் அவர் வானொலியில். அப்போதும் குரல் உயரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவர் இடது கை மட்டும் வெளுத்திருந்தது.

இறங்கியவர்களில் ஒருவர் மாலையில் எங்களிடம் சொன்னார். மேலே இழுத்த அந்த நொடியில் மேகம் கொஞ்சம் விலகியதாம். கீழே, எட்டித் தொடலாம் போலத் தோன்றும் அளவில், ஒரு பழைய விமானத்தின் முதுகு ஈரமாக மின்னிக்கொண்டு போனதைப் பார்த்தாராம். அதைச் சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அன்று மாலையே கூட்டம். மூத்த அதிகாரி நேராகச் சொல்லிவிட்டார்: பழைய விமானங்களை வலைப்பின்னலிலிருந்து எடுத்துவிடலாம். தன் இடத்தைத் தவறாகச் சொல்லும் ஒருவன், இருக்கும் எல்லோருடைய படத்தையும் கெடுத்துவிடுவான். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அவர் காப்பாற்ற வேண்டியது மனிதர்களை.

பெண் அதிகாரி எழுந்து, "கேட்கட்டும் சார். பேச வேண்டாம். கேட்க மட்டும் விடுங்கள்" என்றார்.

அப்போதுதான் விமானி எங்களிடம் கேட்ட அந்தச் சின்ன விசை எனக்குப் புரிந்தது. மறுநாள் அந்த இரண்டு பழைய விமானங்களும் வாயை மூடிக்கொண்டு, காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு போயின. திரையில் அவற்றுக்குப் புள்ளியே இல்லை. எதிர்த்தரப்பு நம் புதிய விமானங்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பின் ஒவ்வொரு அசைவையும் மற்றவர்கள் சொல்லக் கேட்டபடி, ராடாரைத் திறக்காமல், இந்த இரண்டு கிழங்களும் அலையை ஒட்டிப் போய் இலக்கின் மேல் எழும்பி நின்றன. யாரும் அவற்றை எதிர்பார்க்கவில்லை. புதிய விமானங்கள் நம்மிடம் குறைவு. பழையவை இன்னும் நிறைய பாரம் சுமக்கும், தாழ்வாகப் போகும், கடுமை தாங்கும். அவற்றுக்கு இல்லாதது நல்ல கண். அதை மற்றவர்கள் இரவல் கொடுத்தால் போதும். கேன்டீனில் நீங்கள் கேட்கும் கேள்விக்கு இதுதான் பதில்.

ஆனால் பாதிப் பதில்தான். வாயை மூடிய விமானம் எங்கே இருக்கிறது என்று நண்பர்களுக்கும் தெரியாது. அது போகும் பக்கம் மற்றவர்கள் யாரும் இறங்கக் கூடாது என்று கடலில் பாதியை ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. இப்படியே விட்டால் ஒரு நாள் நம் பெட்டிகளைக் கழற்றிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிளம்பும்போது பெண் அதிகாரி வாசல் வரை வந்தார். நான் தயங்கி, "நேத்து உங்களுக்கு ஒரு பதில்கூட உருப்படியா சொல்ல முடியலை மேடம்" என்றேன்.

"நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இல்லைன்னு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்," என்றார் அவர். "தெரியலைன்னு சொன்னதாலதான் நானே கேட்டுப் பாக்கணும்னு தோணுச்சு."

ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த வாக்கியம் என்னோடு வந்தது.

ஒரகடத்தில் எங்களுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. லைன் சூப்பர்வைசர் ஏழுமலை வாசலிலேயே நின்றிருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். இந்தப் பெட்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் பெண்களுக்கு அவர்தான் பொறுப்பு. முகம் வாடிக் கிடந்தது.

"இன்னா மேடம், எங்க லைன்ல எதுனா தப்பு கீதா? பொண்ணுங்கோ சோறு கூட துன்னாம குந்திக்கினு கீதுங்கோ. எதுவா இருந்தாலும் சொல்டுங்க."

"லைன்ல ஒண்ணும் இல்ல ஏழுமலை. டப்பா நல்லாத்தான் இருக்கு."

"அப்போ ஏன் பொய் சொல்லிச்சு?"

அதுதான் கேள்வி. சில நாள் தேடியதில் விடை கிடைத்தது. நம் பெட்டி தானாக இடத்தைக் கண்டுபிடிப்பதில்லை. 'நாம் எங்கே இருக்கிறோம்' என்று விமானத்திடம் கேட்கும். விமானத்தில் இருந்ததோ பழைய வழிகாட்டும் கருவி. கரை தெரியாமல், செயற்கைக்கோள் துணையில்லாமல் நீண்ட நேரம் கடல் மேல் பறந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். அது இயல்பு, அந்தக் கால விமானிகள் எல்லோருக்கும் தெரியும், அதற்கு ஈடு கொடுத்துத்தான் பறந்தார்கள். நாங்கள் புதுப் பெட்டியை வைத்ததும் என்ன ஆனது என்றால், அந்தத் தள்ளாடும் பதிலை எடுத்து, துளியும் சந்தேகமில்லாத குரலில் உலகத்துக்கே அறிவித்துவிட்டோம்.

மேலாளரின் அறையில் என் யோசனையைச் சொன்னேன். பெட்டி இடத்தைச் சொல்லும்போதே, அதில் தனக்கு எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் கூடக் கூட, திரையில் அது புள்ளியாக இல்லாமல் வட்டமாகத் தெரிய வேண்டும். இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன் என்று.

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். கெட்டவர் இல்லை, நிறுவனத்தைத் தோளில் சுமந்தவர். "ஸ்டெல்லா, மத்த கம்பெனிக்காரன் எல்லாம் எங்க பெட்டி அதைச் செய்யும், இதைச் செய்யும்னு சொல்லி விக்கிறான். நாம போய், எங்க பெட்டி 'எனக்குச் சரியாத் தெரியலை'ன்னு சொல்லும்னு சொல்றதா? சிரிக்க மாட்டாங்க?"

அன்று அந்த அறையில் விமானியும் இருந்தார். அறிக்கை கொடுக்க வந்தவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க இருக்கறேன்னு சரியாத் தெரியாம நான் நிறைய தடவை பறந்திருக்கறேனுங்க. வெக்கப்படறதுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க, கடல் அப்படித்தான். அன்னைக்கும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துச்சு. எனக்கு இருந்த அந்தச் சந்தேகம் இந்த டப்பாவுக்கு இல்லீங்களே. அதான் பயமா இருந்துச்சு."

மேலாளர் எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாலாஜாபாத் சாலையில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. "சரி, செஞ்சு பாருங்க," என்றார். "போறதா இருந்தா சேர்ந்தே போவோம்."

வட்டம் தயாரானது. ஆனால் சோதனைக் கூடத்தில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை. நேரம் ஆக ஆக வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் கடலில் கால்வாசியை விழுங்கியது. நேர்மையான வட்டம்தான். ஆனால் அவ்வளவு பெரிய வட்டத்தை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

அப்போது மார்கழி. ஒரு காலை இசக்கி வேலைக்குத் தாமதமாக வந்தார். தலையெல்லாம் பனி. கண் பளபளத்தது. கம்பெனிப் பேருந்தைத் தவறவிட்டு, வேறு வண்டியில் ஏறி, தவறான இடத்தில் இறங்கி, பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் மாட்டிக்கொண்டாராம்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் வெள்ளைக்கா. என் கையே எனக்குத் தெரியலை. எந்தப் பக்கம் நடந்தா ரோடு, எந்தப் பக்கம் நடந்தா தண்ணின்னு தெரியலை. அசையாம நின்னுட்டேன். அப்போ ஷிப்ட் சங்கு ஊதுச்சு. எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்துலதானக்கா ஊதுவான்? ஆனா எனக்கு ஒண்ணு முதல்ல கேட்டுச்சு, ஒண்ணு அப்புறமா கேட்டுச்சு, மூணாவது இன்னும் கொஞ்சம் கழிச்சு. முதல்ல கேட்டது பக்கத்துல இருக்கதுல்லா? அதை வச்சே நான் எங்க நிக்கேன்னு தெரிஞ்சு போச்சு. நேரா நடந்து ரோட்டுக்கு வந்துட்டேன்."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும் கையிலிருந்த டிபன் பெட்டியை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நம் பெட்டிக்குத்தான் நல்ல காது இருக்கிறதே. மற்ற விமானங்கள் எல்லாம், நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு குரலும் வந்து சேர எடுக்கும் நேரத்தைப் பார்த்தால், அவர்கள் நடுவே தான் எங்கே என்பதை அது கண்டுபிடித்துக்கொள்ளலாம். உலகில் வேறு சிலர் இதை முன்பே செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அந்தக் காலையில் எங்களுக்கு அது ஏரிப் பனிக்குள்ளிருந்து இசக்கி எடுத்து வந்தது போலத்தான் இருந்தது.

மறுபடி அதே தளம், அதே குளிர் அறை, அதே பெண் அதிகாரி. வெளியே மதியம். அதே விமானி கடலை ஒட்டிப் போனார், செயற்கைக்கோள் இல்லாமல், ராடார் இல்லாமல். முதலில் அவர் நீலப் புள்ளியாக இருந்தார். கரை மறைந்ததும் புள்ளி மெல்ல வீங்கியது. வட்டமானது. வட்டம் விரிந்தது.

மூத்த அதிகாரி முன்னே குனிந்தார். "அது என்ன?"

"அவர்தான் சார்," என்றார் பெண் அதிகாரி. "அதுக்குள்ளே எங்கேயோ இருக்கார்."

"எங்கேயோ என்றால்?"

"அவருக்கும் தெரியாதாம் சார். தெரியாது என்று சொல்கிறார்."

மேலே நின்ற புதிய விமானங்கள் அந்த வட்டத்தைப் பார்த்து, தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. தட்டு சுமந்த விமானம் தாழ்வாகப் போகும் ஒன்றைக் கண்டது. அது வட்டத்துக்குள் இருந்ததால் வலைப்பின்னல் அதை அந்நியன் என்று சொல்லவில்லை. இவராகத்தான் இருக்கும் என்று சேர்த்துக்கொண்டது. மஞ்சள் வரவேயில்லை.

அப்புறம் வட்டம் சுருங்கத் தொடங்கியது. ஒவ்வொரு விமானமும் தன் இடத்தைச் சொல்லச் சொல்ல, கடலுக்கு மேல் தனியாகப் போய்க்கொண்டிருந்த அந்தப் பழைய விமானம் அவர்கள் குரல்களைக் கேட்டுக் கேட்டுத் தன்னைச் சேகரித்துக்கொண்டு வந்தது. தண்ணீரில் விழுந்த கல்லின் வளையங்கள் திரும்பிக் கல்லுக்கே போவது போல. கடைசியில் ஒரு புள்ளி. பெண் அதிகாரியின் கை மைக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்று அவர் அதைத் தொடவில்லை.

தரையிறங்கிய பிறகு விமானி, வியர்த்த தலையைத் துடைத்தபடி எங்களிடம் வந்தார். "கடைசியில நான் இருந்த இடம், என்னை விட மத்தவங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தன் விமானத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "அப்ப நிம்மதியாப் போலாமுங்க," என்றார்.

ஒரகடம் வந்து சேர்ந்தபோது ஏழுமலை லைனை நிறுத்திவிட்டே காத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளிலிருந்து வரும் பெண்கள் கையுறையைக் கழற்றாமல் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நம்ம டப்பா இன்னா பண்ணிச்சு மேடம்?"

"முதல்ல, நான் எங்க இருக்கேன்னு தெரியலைன்னு சொல்லிச்சு ஏழுமலை. அப்புறம் மத்தவங்க பேசறதைக் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிச்சு."

அவர் யோசித்தார். பிறகு அந்த நாட்களில் முதல் முறையாகச் சிரித்தார்.

"அப்போ மன்சன் மாரிதான் கீது," என்று சொல்லிவிட்டு, பெண்களைப் பார்த்துக் கை தட்டினார். அவர்கள் சிரித்துக்கொண்டே தங்கள் இடங்களுக்குப் போய் உட்கார, லைன் மறுபடி ஓடத் தொடங்கியது.